குற்றவாளி என்றாகிவிட்டது, தண்டனை இன்னும் சொல்லவில்லை

வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் ஒருவர் மீதான வழக்கு முடிந்து, தண்டனை நாளுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பெயர், ஊர், வழக்கு விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரும் குடும்பநல ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிற இடத்தில் எந்த நாடு என்று சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: அண்ணன் குற்றவாளி என்று நீதிபதி சொல்லிவிட்டார். தண்டனையை வேறொரு நாள் அறிவிப்பாராம். ஒரேயடியாகச் சொல்லித் தொலைத்தால் என்ன? இந்த இடைவெளி யாருக்காக?

பதில்: உங்கள் அண்ணனுக்காகத்தான். செய்தாரா இல்லையா என்பது ஒரு கேள்வி. செய்தவரை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. முதலாவதற்குச் சாட்சியும் ஆவணமும் போதும். இரண்டாவதற்கு அவர் வயது, உடல்நிலை, வேலை, முன்வழக்கு உண்டா, அவரை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவேண்டும். இந்தியாவில் 1976-இல் சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனை பற்றிக் குற்றவாளியின் தரப்பைக் கேட்பது வெறும் சடங்கு அல்ல என்று சொல்லிவிட்டது. இன்று அமர்வு நீதிமன்றங்களுக்கு அதைச் சொல்வது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 235.

இதில் ஒரு சிக்கல். இந்தியாவில் பல வழக்குகளில் காலையில் குற்றவாளி என்பார்கள், அன்று மதியமே தண்டனையும் வந்துவிடும். இல்லையென்றால் ஒன்றிரண்டு நாள், சில நாள். மருத்துவச் சான்றிதழையும் பள்ளிக்கூடச் சான்றையும் அதற்குள் ஓடி வாங்க முடியாது. தீர்ப்பு நாள் குறித்தவுடனேயே வாங்கி வைத்துவிட வேண்டும். ‘விடுதலை ஆகிவிடுவார், இதெல்லாம் எதற்கு’ என்று நினைத்துத்தான் பல குடும்பங்கள் வெறுங்கையோடு நிற்கின்றன.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல வழக்குகளில் வாரக்கணக்கில் இடைவெளி இருக்கும். அதற்குள் நன்னடத்தை அலுவலர் விசாரித்து நீதிபதிக்கு ஓர் அறிக்கை தருவார். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் தண்டனை நாளுக்குக் குறைந்தது 35 நாள் முன்னால் அந்த அறிக்கை உங்கள் தரப்புக்குக் கிடைக்கவேண்டும். கிடைத்த 14 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லவேண்டும். அந்த அலுவலர் வீட்டுக்குப் போன் செய்தால் மறைக்காமல் பேசுங்கள், அவர் வேறு இடத்திலும் சரிபார்ப்பார். அறிக்கை வந்ததும் சின்னத் தவறுகளைக்கூட வக்கீலிடம் சொல்லித் திருத்துங்கள். வேலை பார்த்த வருடம் மாறியிருக்கும், வேறு யாருடைய பழைய வழக்கோ சேர்ந்திருக்கும். சிறைக்குள் அவரை எந்தப் பிரிவில் வைப்பது என்று முடிவு செய்யவும் அதே காகிதத்தைத்தான் புரட்டுவார்கள்.

கேள்வி: ‘ஏழு வருடம் வரை சிறை’ என்று அந்தப் பிரிவில் போட்டிருக்கிறது. வக்கீலிடம் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்கிறார். நான் ஏழு என்றே வைத்துக்கொள்ளவா?

பதில்: வேண்டாம். சட்டப் புத்தகத்தில் இருப்பது உச்சவரம்பு. வக்கீலிடம் ‘எவ்வளவு கிடைக்கும்?’ என்று கேட்டால் ‘பார்க்கலாம்’தான் வரும்; வாக்குக் கொடுக்க எந்த வக்கீலும் விரும்பமாட்டார். கேள்வியை மாற்றுங்கள். ‘இதுபோன்ற வழக்குகளில் நீங்கள் பார்த்தவற்றில் மிகக் குறைவு எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு, வழக்கமாக எந்த இடத்தில் நிற்கும்? இந்தப் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டமே நிர்ணயித்திருக்கிறதா?’ இப்படிக் கேட்டால் எண் வரும். அதிகபட்ச எண்ணை வைத்துப் பணத்தைத் திட்டமிடுங்கள்; வழக்கமான எண்ணை வைத்து மனதைத் தயார் செய்யுங்கள்.

கணக்கு போடவும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பிரிவுகளில் 3 வருடம், 2 வருடம் என்று வந்தால், ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்றால் மொத்தம் 3. ஒன்றன்பின் ஒன்றாக என்றால் 5. ஏற்கெனவே விசாரணைக் கைதியாக 7 மாதம் உள்ளே இருந்திருந்தால் அது கழியும் (இந்தியாவில் அதே சன்ஹிதாவின் 468-ஆம் பிரிவு). முதல் வழியில் மீதி 2 வருடம் 5 மாதம், இரண்டாவதில் 4 வருடம் 5 மாதம். இரண்டு வருட வித்தியாசம் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. தீர்ப்பில் முதலில் தேடவேண்டியது அந்த வரியைத்தான். அபராதம் கட்டாததற்காக வரும் கூடுதல் சிறை இந்தக் கழிவில் சேராது. ஆகவே அபராதப் பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: நீதிபதிக்குக் குடும்பத்தார் கடிதம் கொடுக்கலாம் என்கிறார்கள். ஊரில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கலாமா? என்ன எழுதுவது?

பதில்: கையெழுத்து வேட்டை வேண்டாம். நாற்பது பேர் ஒரே வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் அது ஒரு கடிதம்தான், அதுவும் பலவீனமான கடிதம். அவரை நெருக்கமாக அறிந்த நான்கைந்து பேர் தனித்தனியாக, அவரவர் சொற்களில், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதட்டும். மனைவியோ பெற்றோரோ ஒருவர், வேலை கொடுத்தவர் ஒருவர், நீண்டநாள் பழகியவர் ஒருவர், சிகிச்சையில் இருந்தால் மருத்துவர் ஒருவர்.

நீதிபதிக்கு நேரடியாகத் தபாலில் அனுப்பாதீர்கள். வக்கீலிடம் கொடுங்கள், அவர் படித்துப் பார்த்துத் தாக்கல் செய்வார், எதிர்த்தரப்புக்கும் நகல் போகும். பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற இடங்களில் இது வழக்கம். இந்தியாவில் தண்டனை மீதான வாதத்தில் வக்கீல் சொல்லப்போவதற்கு ஆதாரமாக மருத்துவப் பதிவு, குழந்தைகளின் பள்ளிச் சான்று, சம்பளச் சீட்டு ஆகியவை கடிதத்தைவிட அதிகம் பேசும். கடிதம் வேண்டுமா என்பதை வக்கீலே முடிவு செய்யட்டும்.

முதல் பத்தியில் நீங்கள் யார், அவரை எத்தனை வருடமாகத் தெரியும், என்ன குற்றத்தில் தண்டிக்கப்படப்போகிறார் என்று உங்களுக்குத் தெரியும் என்பதை எழுதுங்கள். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விஷயமே தெரியாமல் புகழ்கிறார் என்ற எண்ணம் வந்துவிட்டால் பின்னால் எழுதியது எல்லாம் வீண்.

அடுத்து, குணத்தைச் சொல்லாமல் செய்ததைச் சொல்லுங்கள். ‘என் தம்பி தங்கமானவன்’ என்ற வரியை நீதிபதி எத்தனையோ முறை பார்த்திருப்பார். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘எங்கள் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நான்கு வருடமாக அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றி, நான்கு மணி நேரம் கூடவே உட்கார்ந்து, திரும்பக் கூட்டி வருவது தம்பிதான். அவன் இல்லாத நாளில் நான் விடுப்பு எடுக்கவேண்டும்.’ இதில் ‘நல்லவன்’ என்ற சொல்லே இல்லை, தேவையும் இல்லை. கூடவே டயாலிசிஸ் அட்டையின் நகலை இணையுங்கள்.

கடைசிப் பத்தியில், வெளியே வந்த பிறகு யார் வீட்டில் இருப்பார், என்ன வேலை காத்திருக்கிறது, குடிப்பழக்கம் இருந்தால் எங்கே சிகிச்சை என்று திட்டமாக எழுதுங்கள். தேதி, கையெழுத்து, தொடர்பு எண் மறக்காதீர்கள்.

எழுதக் கூடாதவை: ‘அவர் நிரபராதி’ (அது மேல்முறையீட்டுக்கான பேச்சு, இங்கே சொன்னால் வருந்தவில்லை என்று ஆகிவிடும்), பாதிக்கப்பட்டவர் மீது பழி, போலீஸ் மீது வசை, இத்தனை வருடம்தான் கொடுக்கவேண்டும் என்ற எண். பொய் ஒரு வரி இருந்தாலும் மற்ற கடிதங்களையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: மகளுக்கு ஏழு வயது, மகனுக்குப் பதினான்கு. ‘அப்பா வெளியூரில் வேலைக்குப் போகிறார்’ என்று சொல்லிவிடலாம் என்கிறார் மாமியார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சரி. மாமியாரிடம் சண்டைக்குப் போகாமல் ஒன்றைக் கேளுங்கள்: பள்ளியில் வேறொரு குழந்தை சொல்லி இவள் தெரிந்துகொண்டால், அடுத்த முறை நாம் எதைச் சொன்னாலும் நம்புவாளா? வெளியூர்க் கதையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வெளியூரில் இருக்கும் அப்பா போன் செய்யலாமே, பிறந்தநாளுக்கு வரலாமே. வராவிட்டால் ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்றுதான் குழந்தைக்குத் தோன்றும்.

இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஏழு வயதுக்கு நான்கைந்து வாக்கியம் போதும்: ‘அப்பா சட்டத்தை மீறி ஒரு தப்பு செய்துவிட்டார். பெரியவர்கள் தப்பு செய்தால் நீதிபதி என்று ஒருவர் தண்டனை சொல்வார். அப்பா ஜெயிலில் இருக்கவேண்டி வரலாம். எத்தனை நாள் என்று எனக்கும் இன்னும் தெரியாது. தெரிந்ததும் உனக்குச் சொல்வேன்.’ சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். ‘அப்போ என்னை யார் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவா?’ என்று கேட்பாள். அதைக் கேட்டு, இந்த நேரத்தில் இதுதானா கவலை என்று உடைந்துபோகாதீர்கள். அவள் உலகத்தில் முதலில் ஆடுவது அதுதான். பதிலைத் தயாராக வைத்திருங்கள், ஆளின் பெயரோடு. அவள் கேட்காவிட்டாலும் ‘இது உன்னால் நடந்தது இல்லை’ என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள். தான் அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று இந்த வயதுக் குழந்தைகள் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

‘அப்பா சீக்கிரம் வந்துவிடுவார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏழு வயதில் சீக்கிரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை.

பையனிடம் குற்றத்தின் பெயரைச் சொல்லியாகவேண்டும். செய்தி வெளியாகியிருந்தால் அவன் போனில் ஏற்கெனவே படித்திருப்பான், உங்களுக்காகத் தெரியாததுபோல் இருப்பான். ‘நீ என்ன படித்தாய், சொல்லு’ என்று தொடங்குங்கள். அதில் எது உண்மை, எது ஊதிப் பெரிதாக்கியது என்று பேசலாம். ‘இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை’ என்று உறவினர்கள் தோளில் தட்டுவார்கள். அதைத் தடுப்பது உங்கள் வேலை.

இருவருக்கும் பொதுவானது ஒன்று: யாரிடம் இதைப் பேசலாம் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்பது குழந்தை தூக்கக்கூடிய சுமை அல்ல. ஒரு சித்தி, வகுப்பாசிரியர் ஒருவர், அவ்வளவு போதும். மற்றவர்கள் கேட்டால் ‘அதைப் பற்றி நான் பேச விரும்பலை’ என்று சொல்ல வீட்டிலேயே இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். தண்டனை நாளுக்கு முந்தைய இரவு வரை தள்ளிப்போடாமல், ஒரு வாரமாவது முன்னதாகச் சொல்லுங்கள். கேள்விகள் மூன்றாம் நாள்தான் வரும்.

கேள்வி: நீதிமன்றத்தில் ஆளைத் தெரியும், ‘கவனித்தால்’ தண்டனை குறையும் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொரு பக்கம், பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கே போய்க் காலில் விழலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில்: முதல் ஆளை வாசலோடு அனுப்புங்கள். தண்டனை குறைந்தால் தன்னால் என்பார், கூடினால் ‘அவ்வளவுதான் முடிந்தது’ என்பார்; இரண்டிலும் பணம் அவரிடம். அதற்கு மேல், லஞ்சம் கொடுக்க முயன்றதே தனிக் குற்றம், இன்னொருவரும் உள்ளே போகநேரும்.

அம்மாவின் மனம் புரிகிறது. ஆனால் போகக் கூடாது. நீங்கள் மன்னிப்பு என்று நினைப்பது அந்த வீட்டில் மிரட்டலாகத் தெரியும், ஜாமீன் நிபந்தனையை மீறியதாகவும் ஆகலாம். வருத்தத்தையோ இழப்பீட்டையோ தெரிவிக்க வேண்டுமானால் வக்கீல் வழியாக, நீதிமன்றத்துக்குத் தெரிந்தே செய்யுங்கள்.

கேள்வி: கணவர் ஜாமீனில் வீட்டில்தான் இருக்கிறார். தண்டனை நாளன்று நேராக உள்ளே போய்விட்டால் நான் எதை எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

பதில்: ‘வீட்டுக்கு வந்துவிட்டு அப்புறம் போவார்’ என்ற நினைப்பில்தான் எல்லாம் தடுமாறும். கூண்டில் நின்ற இடத்திலிருந்தே காவலர் அழைத்துப் போய்விடலாம். கட்டிப்பிடிக்கக்கூட நேரம் கிடைக்காமல் போகலாம். சொல்லவேண்டியதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்துகள் முதலில். உள்ளே போன பிறகு ஒரு கையெழுத்துக்குச் சிறை அதிகாரியின் சான்றொப்பம், வக்கீல், பல நாள் அலைச்சல் என்று ஆகும். பொது அதிகாரப் பத்திரம், கூட்டுக் கணக்கு, காப்பீட்டு நாமினி, கடன் தவணை எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்ற பட்டியல், வாடகை ஒப்பந்தம், வண்டிக் காகிதம், மின்கட்டணக் கணக்கு யார் எண்ணில் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல் அவர் போனுக்குத்தான் வருகிறதா? அந்த எண்ணை அணையவிடாதீர்கள். பாதி வேலை அதில்தான் நிற்கும்.

மருந்து அடுத்தது. நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை எல்லாம் எழுதி மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாள், அதன் இரண்டு நகல், பிரிக்காத அட்டையில் மருந்து. தனியாகப் பிரித்த மாத்திரையைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். இன்சுலின், வலிப்பு மருந்து போல ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதவை இருந்தால் அன்றே நீதிபதியிடம் சொல்லும்படி வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி அவர் முகத்திலேயே இருக்கட்டும். மோதிரம், சங்கிலி, போன், பர்ஸ் எல்லாம் உள்ளே நுழையும் முன்பே உங்கள் பைக்கு வந்துவிட வேண்டும். உங்கள் எண்ணையும் வக்கீல் எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்; இன்று யாருக்கும் யார் எண்ணும் மனப்பாடமில்லை.

இந்தியாவில், அவர் ஜாமீனில் இருந்து, தண்டனை மூன்று வருடத்துக்கு மிகாமல் இருந்தால், மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லி அதே நீதிமன்றத்திலேயே தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கலாம் (அதே சன்ஹிதாவின் 430-ஆம் பிரிவு). இதற்கான மனு அன்று காலையே தட்டச்சாகி வக்கீல் கையில் இருக்கவேண்டும், ஜாமீன்தாரர்கள் அசல் ஆவணங்களோடு வளாகத்தில் இருக்கவேண்டும். மனு தயார், ஆனால் ஜாமீன்தாரர் சாப்பிடப் போயிருந்தார் என்பதற்காக ஓர் இரவு உள்ளே கழித்தவர்கள் உண்டு.

இந்தியாவில் தீர்ப்பு நகலை இலவசமாக, உடனே தரவேண்டும் என்கிறது அதன் 404-ஆம் பிரிவு, கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் மேல்முறையீட்டுக் கெடு அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். இங்கிலாந்தில் கிரவுன் கோர்ட் தண்டனைக்கு 28 நாள், அமெரிக்க மத்திய நீதிமன்றத்தில் வெறும் 14 நாள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், இந்தியாவில் காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 எண்ணில் கேட்கலாம்.

கேள்வி: தம்பி சரியாகத் தூங்குவதில்லை. ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நல்லது’ என்கிறான். சும்மா சொல்கிறானா?

பதில்: சும்மா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டனைக்கு முந்தைய நாட்களும் சிறையில் முதல் சில நாட்களும் ஆபத்தானவை. நேராகக் கேளுங்கள்: ‘செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா? எப்படி என்று யோசித்திருக்கிறாயா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலும் ஆளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். வழி யோசித்திருக்கிறான் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உதவிக்குப் பேச இந்தியாவில் 14416, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவில் 988 எண்களில் இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பொருட்களை யாருக்காவது கொடுப்பது, கடனை அவசரமாக அடைப்பது, பல நாள் கலக்கத்துக்குப் பிறகு திடீரென்று அமைதியாவது, இவற்றைக் கவனியுங்கள்.

அவன் உள்ளே போக நேர்ந்தால் இதை வக்கீல் மூலம் நீதிமன்றத்துக்கும் சிறை மருத்துவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ‘வெளியே தெரிந்தால் அசிங்கம்’ என்று மறைப்பதுதான் இங்கே செய்யக்கூடிய பெரிய தவறு.

கேள்வி: அப்பா செய்தது தப்புதான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நீதிமன்றத்துக்கு வரவில்லை என்றால் நான் கெட்ட மகளா?

பதில்: இல்லை. செய்ததை மன்னிக்காமலே ஒருவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம், வக்கீலிடம் பேசலாம், எதுவுமே செய்யாமலும் இருக்கலாம். போக விருப்பமில்லை என்றால் முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள், காலையில் வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். போனால், குற்ற விவரம் மறுபடி விரிவாகப் பேசப்படும், பாதிக்கப்பட்டவர் குடும்பமும் அதே அறையில் இருக்கும் என்பது தெரிந்து போங்கள். அவர்களைப் பார்க்காமல் உட்கார, வெளியே வர இரண்டுக்கும் வசதியாகக் கடைசி வரிசையில் ஓர இருக்கை நல்லது. முடிந்ததும் உங்களை யார் வீட்டுக்குக் கூட்டி வருவார் என்பதை முடிவு செய்துவிடுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள்.

பாதிக்கப்பட்டவரே உங்கள் வீட்டு ஆள் என்றால் விஷயம் வேறு. முதலில் அவர் பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: மூன்றாவது முறையாகத் தேதி தள்ளிப்போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் வீடே செத்துப் பிழைக்கிறது.

பதில்: நீதிபதி விடுப்பு, அறிக்கை வரவில்லை, வழித்துணைக் காவலர் இல்லை என்று ஆயிரம் காரணம் இருக்கும், ஒன்றும் உங்கள் கையில் இல்லை. முந்தைய நாள் மாலை வக்கீலின் குமாஸ்தாவிடம் மறுநாள் பட்டியலில் வழக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். வக்கீலோடு பேசுவது வீட்டில் ஒரே ஒருவராக இருக்கட்டும். ஐந்து பேர் பேசினால் ஐந்து பதில் வீட்டுக்குள் சுற்றும். அவர் தினம் இரவு ஒரு நேரம் வைத்து, அரைமணி, தெரிந்ததைச் சொல்லட்டும். தெரியாவிட்டால் ‘இன்று ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகட்டும். தண்டனை நாளுக்கென்று மொத்த விடுப்பையும் எடுத்துவிடாமல் ஒவ்வொரு நாளாக எடுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்துச் சீட்டின் தேதியைப் பாருங்கள். மூன்று முறை தள்ளிப்போனதில் அது பழையதாகியிருக்கும், புதிதாக வாங்கி அந்த உறையில் மாற்றி வையுங்கள்.